ஒருவருக்கு எடுத்த அறையில் தோழியும் தங்கலாமா?

ஹோட்டலில் ஒருவருக்கு என்று பதிவு செய்த அறையில் உங்கள் தோழி ஒரு ராத்திரி மட்டும் தங்கப் போகிறார், ரிசப்ஷனில் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். பல சமயம் ஒன்றும் ஆகாது, ஆனாலும் சொல்லிவிடுங்கள். காசுக்காக மட்டும் அவர்கள் கேட்பதில்லை; தீ விபத்து மாதிரி ஏதாவது நடந்தால் எந்த அறையில் எத்தனை பேர் என்று அந்தப் பதிவை வைத்துத்தான் தேடுவார்கள், அதோடு தங்குகிற ஒவ்வொருவரின் அடையாள விவரத்தையும் ஹோட்டல் வாங்கி வைத்தே ஆகவேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது.

முதலில் உங்கள் புக்கிங்கைத் திறந்து பாருங்கள். இரண்டு பேர் தங்கக்கூடிய அறையில் நீங்கள் ஒருவர் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பெயரைச் சேர்ப்பதோடு முடிந்துவிடும், சில இடங்களில் காலை உணவுக்கு மட்டும் கூடுதலாக வாங்குவார்கள். ஒற்றைக் கட்டில் அறை என்றால் கதை வேறு, காசு கொடுத்தாலும் முடியாது என்று சொல்லலாம். வேறு இணையதளம் வழியாகப் பதிவு செய்திருந்தாலும் நேராக ஹோட்டலுக்கே போன் போட்டு எவ்வளவு கூடும் என்று கேளுங்கள், பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சரி சொன்னவர் ஷிஃப்ட் முடிந்து போயிருப்பார், நீங்கள் போய் நிற்கும்போது கவுன்டரில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

அப்புறம், தோழி அசல் அடையாள அட்டையைக் கொண்டுவரட்டும். அவருக்கும் ஒரு சாவி அட்டை கேட்டு வாங்குங்கள். அட்டையைக் காட்டாமல் லிஃப்ட் கூட நகராத ஹோட்டல்கள் உண்டு, நள்ளிரவில் அவரைக் கூட்டிவர நீங்கள் கீழே ஓட வேண்டாம்.