ஏலத்தோட்டத்து மரங்களுக்குக் கார்பன் பணம் வருமா?

கேள்வி: குடியிருப்பது கம்பத்தில். கேரளத்தில் வண்டன்மேடு பக்கம் நாலரை ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. அப்பா காலத்து நிழல் மரங்கள் நிறைய நிற்கின்றன. போன மாதம் ஒருவர் வந்து, "மத்திய அரசின் கார்பன் திட்டம் அண்ணே, நிற்கிற மரத்துக்கே ஏக்கருக்கு வருஷம் 15,000 ரூபாய் வரும்" என்றார். 30 வருட ஒப்பந்தமாம். தோட்டத்துக்குள் அவர் இறங்கவே இல்லை. பதிவுக் கட்டணம் 6,000 ரூபாய், பட்டய (நில உரிமைப் பத்திர) நகல், ஆதார், கையெழுத்துப் போட்ட வெற்று முத்திரைத்தாள் இரண்டு கேட்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலர் கொடுத்துவிட்டார்கள். ஒப்பந்த நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போட வேண்டாம். வெற்று முத்திரைத்தாளை இவருக்கு மட்டுமல்ல, யாருக்குமே கொடுக்காதீர்கள்.

"மத்திய அரசின் திட்டம்" என்ற பேச்சை நம்பித்தான் பலரும் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆகவே அரசு உண்மையில் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 2070-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்று 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. 2022 ஆகஸ்டில் 2030-க்கான இலக்கைத் திருத்தியது: நாட்டின் உற்பத்தி மதிப்பில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் கரியமில வாயு 2005-ல் இருந்ததைவிட 45 சதவீதம் குறைய வேண்டும். மொத்தப் புகை உடனே குறைய வேண்டும் என்று இந்த இலக்கு சொல்லவில்லை. ஒரு டன் சிமெண்ட் செய்ய எவ்வளவு புகை, ஒரு டன் காகிதத்துக்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு. அதனால் சுமை ஆலைகளின் மேல் விழுகிறது. 2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜூனில் கார்பன் கிரெடிட் (கரியமில வாயுவைக் குறைத்ததற்கான, விற்கக்கூடிய சான்று) வர்த்தகத் திட்டத்தை அறிவித்தார்கள். நிர்வாகம் எரிசக்தித் திறன் பணியகத்திடம் இருக்கிறது. அலுமினியம், சிமெண்ட், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய துறை ஆலைகளுக்கு 2025 அக்டோபரில் இலக்குகள் வந்தன. இலக்கைவிடக் குறைவாகப் புகைவிட்ட ஆலைக்குச் சான்றிதழ் கிடைக்கும், மிஞ்சிய ஆலை அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஏலத்தோட்டக்காரருக்கு இடமே இல்லை.

அதே திட்டத்தில், கட்டாயத்துக்குள் வராதவர்கள் தாமாகப் பதிவு செய்துகொள்ள இன்னொரு வழி உண்டு. வேளாண்மையும் வனமும் அதில் சேர்கின்றன. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கணக்கீட்டு முறை, அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பு நிறுவனம், பதிவேட்டில் எண் ஆகிய மூன்றும் வேண்டும். 2025-ல் முதலில் ஒப்புதல் பெற்ற முறைகளில் மரம் வளர்ப்பு என்று இருந்தது அலையாத்திக் காடு. அது கடலோரத்துக்கு உரியது, மலைக்கு அல்ல.

உங்களிடம் வந்தவர் காட்டிய தாளில் "பசுமைக் கிரெடிட்" என்றும் அச்சாகியிருக்கிறது. அது சுற்றுச்சூழல் அமைச்சகம் 2023 அக்டோபரில் கொண்டுவந்த வேறொரு திட்டம். சீரழிந்த வன நிலத்தில் மரம் நடுவதைச் சுற்றி அமைந்தது, கார்பன் கிரெடிட்டோடு அதைக் குழப்பக் கூடாது. வேளாண் அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்டதும், கம்பெனிகள் கட்டாயமின்றித் தாமாகக் கிரெடிட் வாங்கும் தன்னார்வக் கார்பன் சந்தைக்கான வழிகாட்டிதான். அதிலிருந்து யார் கணக்குக்கும் பணம் வராது. நிற்கிற மரத்துக்குக் கார்பன் கணக்கில் ஏக்கருக்கு இவ்வளவு என்று டெல்லி கொடுக்கும் திட்டம் எதுவும் இல்லை.

அரசு ஆலையிலிருந்து தொடங்கியது சரி என்றே நான் நினைக்கிறேன். புகைபோக்கியில் வருவதை அளக்க முடியும். ஆனால் மலைத் தோட்டக்காரனுக்கு இதில் என்ன உண்டு, என்ன இல்லை என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பக்கத்தில் எழுதிக் கிருஷிபவன் (கேரள வேளாண் அலுவலகம்) வாசலில் ஒட்டியிருக்க வேண்டும். அது நடக்காததால் ஏஜென்ட் சொல்வதே அரசாணை மாதிரி பரவுகிறது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

ஆக, உங்கள் கையில் இருப்பது ஒரு தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தம். வெளிநாட்டுக் கம்பெனிகள் வாங்கும் தன்னார்வச் சந்தைக்காக எழுதியது. அந்தச் சந்தையின் முதல் விதியே உங்களுக்கு எதிராக நிற்கிறது. இந்தப் பணம் இல்லாவிட்டால் நடந்திருக்காத காரியத்துக்குத்தான் கிரெடிட் கிடைக்கும். உங்கள் பலாவும் சந்தன வேம்பும் அப்பா காலத்திலிருந்து நிற்கின்றன, நிழலுக்காக நீங்களே காப்பாற்றி வருகிறீர்கள். அதோடு உங்கள் நிலம் ஏலமலைக் காட்டு எல்லைக்குள் வருகிறது. அங்கே நிலம் வருவாய்த் துறை, மரம் வனத்துறை என்று இரட்டைப் பொறுப்பு. அனுமதியில்லாமல் மரத்தில் கோடாரி வைக்க முடியாது. சட்டமே வெட்டவிடாத மரத்தை "வெட்டாமல் இருந்தேன்" என்று விற்க முடியாது. மரமே முழுதாக உங்கள் பேரில் இல்லாதபோது அதன் கார்பன் யாருக்குச் சொந்தம் என்று வாங்குபவன் கேட்பான். பட்டயம் இல்லாத துண்டு இருந்தால் இன்னும் சிக்கல். ஏலமலைப் பகுதியில் புதிய பட்டயம் கொடுப்பதை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் தடுத்துவைத்தது.

புதிதாக நட்டால்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு. மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய 47 சதவீதம் கார்பன், அதை 3.67-ஆல் பெருக்கினால் கரியமில வாயு. ஒரு டன் உலர் மரம் வளர்ந்தால் 1.7 கிரெடிட் கிடைக்கும். கிரெடிட் 1,000 ரூபாய்க்குப் போகிறது, முழுப் பணமும் உங்களுக்கே என்று வைத்துக்கொண்டாலும், ஏக்கருக்கு 15,000 வர வருஷம் 15 கிரெடிட் வேண்டும். அதாவது ஏக்கருக்கு ஒன்பது டன்னுக்குச் சற்றுக் குறைவாக உலர் மரம் வருஷா வருஷம், 30 வருஷம் தொடர்ந்து சேர வேண்டும். நெருக்கி நட்ட தைலமரத் தோப்புக்கே அது பெரிய வளர்ச்சி, ஏலச்செடிக்கு இடம்விட்டு ஊடே நட்ட மரங்களில் நடக்காது. உங்கள் ஒப்பந்தத்திலோ செலவு போக 60 சதவீதம் கம்பெனிக்கு.

அந்த ஒப்பந்தத்தில் என்னை மிகவும் உறுத்தியது ஏழாவது ஷரத்து. "எழுத்துபூர்வ அனுமதியின்றி மரத்தையோ கிளையையோ அகற்றக் கூடாது, மீறினால் இழப்பீடு" என்கிறது. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் கிளை கவாத்து செய்யாத ஏலத்தோட்டம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஜூலையில் தோட்டத்துக்குள் வெளிச்சம் இறங்காது, ஈரம் காயாது, காயும் தட்டையும் அழுகத் தொடங்கும். கவாத்துக்கு ஆள் நிறுத்திவிட்டு எங்கோ நகரத்து அலுவலகத்தின் மின்னஞ்சலுக்காகக் காத்திருக்க முடியுமா? ஏலத்தில் ஒரு கிலோ காய் 2,000 ரூபாய்க்கு மேல் போகிற காலத்தில், சில கிலோ அழுகினாலே அந்தக் கார்பன் பணம் கரைந்துவிடும். பதினொன்றாவது ஷரத்து, "இன்று உள்ளதும் இனி உருவாவதுமான" கார்பன் உரிமை முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டு, நில விற்பனைக்கும் அவர்கள் சம்மதம் வேண்டும் என்கிறது. நாளை பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது இது குறுக்கே நிற்கும்.

எல்லாக் கார்பன் திட்டமும் மோசடி என்று நான் சொல்லவில்லை. தரிசாகக் கிடக்கும் துண்டில் புதிதாக மரம் நட, நாற்றும் செலவும் கொடுத்து, பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்துக் குழுவாகப் பதிவு செய்யும் திட்டம் என்றால் பரிசீலிக்கலாம். நேர்மையாகச் செய்பவர்கள் விவசாயியிடம் கட்டணம் வாங்குவதில்லை. பதிவேட்டுத் திட்ட எண்ணைக் கொடுப்பார்கள். வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்ட் போன்ற பதிவேடுகளில் அதை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடா சுற்றி ஒவ்வொரு மாதிரி மரத்தையும் அளந்து, இடத்தைக் குறித்துக்கொண்டு போவார்கள். உங்களிடம் வந்தவர் தோட்டத்துக்குள் இறங்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: திட்ட எண், பதிவேடு, சரிபார்ப்பு நிறுவனம் மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். பதில் வரும்வரை பட்டயம், கரம் (நில வரி) அடைத்த ரசீது, தண்டப்பேர் எண் (வருவாய்ப் பதிவேட்டில் உங்கள் நிலக் கணக்கு எண்) எதையும் தராதீர்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் கொடுத்த வெற்று முத்திரைத்தாள்களை ஒன்றாகச் சேர்ந்து போய்த் திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் தாள் எண்ணையும் கொடுத்த தேதியையும் குறித்து, வண்டன்மேடு காவல் நிலையத்தில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். ஆதார் நகல் போயிருந்தால் ஆதார் இணையதளத்தில் கைரேகைப் பூட்டைப் போடச் சொல்லுங்கள். கையெழுத்தும் போட்டு முடித்தவர்கள் இருந்தால் ஒப்பந்த நகலை எனக்கு அனுப்பட்டும். ரத்து செய்யும் ஷரத்துக்குக் காலக்கெடு இருக்கக்கூடும், தாமதிக்க வேண்டாம்.