இடதுகைக்காரருக்கு எந்த ரைபிள்?

தேவகோட்டைத் தம்பிக்கு, கனடாவில் எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குப் போகும் உங்கள் அண்ணனுக்கு இடதுகைப் பழக்கம், கடையிலோ வலதுகை போல்ட் ரைபிளையே (ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் துப்பாக்கி) தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். இடது தோளில் வைத்துச் சுடுகிறவர் வலப்பக்கம் இருக்கும் போல்ட்டை இழுக்க, பிடித்த பிடியை விட்டுக் கையைத் துப்பாக்கிக்கு மேலே கொண்டுபோகணும். காலித் தோட்டா தெறிப்பதும் அவர் முகம் இருக்கும் பக்கம்தான்.

முதலில் கண்ணைப் பாருங்கள். ஊருக்கு வந்தால் முகப்பில் நிறுத்தி, இரு கைகளையும் நீட்டிச் சேர்த்து, சின்ன இடைவெளி வழியே வளவுக்கு அப்பால் தெரியும் கதவுக் குமிழைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடணும். எந்தக் கண்ணுக்குக் குமிழ் விலகாமல் நிற்கிறதோ அதுதான் குறிபார்க்கும் கண். அது வலது என்றால் வலது தோளில் பழகிப் பார்க்கலாம். கஷ்டம்தான், ஆனால் முடியும்.

இடது என்றால் டிக்கா டி3எக்ஸ், சாவேஜ் 110 ஆகிய இரண்டு ரைபிள்களிலும் இடதுகை மாடல் உண்டு. எல்க்குக்கு .30-06 என்ற தோட்டா வகையே தாராளம். அதைவிட வேகமான மேக்னம் தோட்டா எல்லாம் வீம்பு, தோள்தான் வலிக்கும். (இங்கே வேட்டையாடும் ஆசை வேண்டாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தெரியும்தானே!)