தொட்டி எலுமிச்சையில் செதில் பூச்சி: வேப்பெண்ணெய் அடித்தும் ஏன் போகவில்லை?

கேள்வி: தொட்டியில் வளரும் எலுமிச்சையின் தண்டில் பழுப்பு நிறத்தில் கொப்புளம் கொப்புளமாக ஒட்டியிருக்கிறது. இலை பிசுபிசுக்கிறது, மேலே கறுப்பும் படிந்திருக்கிறது, எறும்பும் ஏறுகிறது. இரண்டு முறை வேப்பெண்ணெய் தெளித்தும் அப்படியேதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இது செதில் பூச்சி. முதலில் ஒரு கொப்புளத்தை நகத்தால் நெம்பி நசுக்கிப் பாருங்கள். ஈரம் கசிந்தால் உயிரோடு இருக்கிறது. காய்ந்த உமி மாதிரி உதிர்ந்தால் எப்போதோ செத்துவிட்டது. செத்த பிறகும் ஓடு தண்டைவிட்டு எளிதில் விழாது. அதைப் பார்த்து ஏமாந்துதான் பலர் மருந்தின் அளவைக் கூட்டிக் கூட்டி இலையைக் கருக்கிவிடுகிறார்கள்.

உயிரோடு இருந்தால், வளர்ந்த பூச்சியை ஓடு காப்பாற்றுவதால் தெளிப்பு மட்டும் போதாது. தொட்டிச் செடிதானே, கையாலேயே எடுத்துவிடலாம். பழைய டூத்பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தண்டையும் கிளைக் கவட்டையும் மெல்லத் தேயுங்கள். இலையைத் திருப்பி, அடியில் நடுநரம்பை ஒட்டியும் பாருங்கள். அங்கேதான் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அப்பிப்போன கிளையை வெட்டி எறிவதே மேல்.

அப்புறம்தான் வேப்பெண்ணெய். ஓட்டுக்கடியில் முட்டை பொரித்து வரும் குஞ்சுகள் ஓடு இல்லாமல் ஊர்ந்து இடம் தேடும். மருந்து நன்றாகப் பிடிப்பது அந்தச் சில நாட்களில்தான். இருபக்கமும் ஒட்டும் டேப்பைத் தண்டில் சுற்றிவையுங்கள். அதில் நுண்ணிய மஞ்சள் புள்ளிகள் ஒட்டினால் குஞ்சுகள் கிளம்பிவிட்டன என்று அர்த்தம். 5 மில்லி வேப்பெண்ணெயில் சில துளி திரவச் சோப்பைக் கலந்து, 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். முதலில் ஓரிரு இலையில் அடித்து, மறுநாள் கருகவில்லை என்றால் முழுச் செடிக்கும் அடிக்கலாம். 7 முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறையாவது செய்ய வேண்டும், ஏனென்றால் எல்லா முட்டையும் ஒரே நாளில் பொரிப்பதில்லை.

பிசுபிசுப்பு, சாற்றை உறிஞ்சிய பூச்சி வெளியேற்றும் இனிப்புக் கழிவு. கறுப்பு, அதன்மேல் வளரும் பூசணம். அதற்குத் தனி மருந்து தேவையில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும். எறும்பை மட்டும் விடாதீர்கள். இனிப்புக்காகப் பொறிவண்டுகளை விரட்டிச் செதில் பூச்சிக்குக் காவல் நிற்பது அதுதான். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் கல்மேல் வைத்து, கிளை எதிலும் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூச்சி அடங்கும்வரை யூரியா வேண்டாம், தளிர் மிகுந்தால் அதற்கு விருந்துதான். ஓடுகளில் சின்ன வட்ட ஓட்டைகள் தெரிந்தால், செதில் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது. அப்போது தெளிப்பைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள்.