என் டாட் முழுதாக ஓடுவதற்குள் மாப் செத்துவிடுகிறதே!

கேள்வி: வணக்கம் அக்கா. நானும் என் சித்தி மகன்கள் இருவரும் இரண்டு தோழிகளும் சேர்ந்து 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆன்லைன் ஆட்டத்தின் பழைய பதிப்பான 'கிளாசிக்' ஆடுகிறோம். நான் வார்லாக் (சாபம் வைக்கும் மந்திரவாதி). டேலண்ட் பாயிண்ட் (லெவல் ஏற ஏறக் கிடைக்கும் திறன் புள்ளி) எல்லாம் மெதுவாகக் கொல்லும் மந்திரங்களுக்கான பிரிவான அஃப்ளிக்‌ஷனில். இப்போது லெவல் 38. ஸ்கார்லெட் மோனாஸ்டரி என்ற டன்ஜனுக்குள் (குழுவாக நுழையும் எதிரிகளின் இடம்) ஐந்து பேராகப் போனால், என் டாட் (கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கும் மந்திரம்) எதுவும் முழுதாக ஓடுவதற்குள் மாப் (ஆட்டத்து எதிரி) செத்துவிடுகிறது. டேமேஜ் மீட்டரில் (யார் எவ்வளவு அடித்தார் என்ற கணக்கு) தம்பியின் மேஜ்தான் (நெருப்பு, பனி வீசும் மந்திரவாதி) எப்போதும் முதலிடம். நான் சில நேரம் டேங்குக்கும் (குழுவுக்காக அடி வாங்குபவர்) கீழே. லைஃப் டேப் (என் உயிரைக் கொடுத்து மானா, அதாவது மந்திரச் சக்தி, எடுப்பது) போட்டால், எங்களைக் குணப்படுத்தும் ஹீலர் தோழி கோபித்துக்கொள்கிறாள். "அஃப்ளிக்‌ஷன் வேஸ்ட்னு எல்லாரும் சொல்றாங்க, பேசாம ஒரு மேஜ் ஆரம்பிச்சுடு" என்கிறான் தம்பி. யூடியூப் வழிகாட்டி ஒன்றில் சொன்னபடி டாட் முடிய 30 சதவீத நேரம் இருக்கும்போதே மறுபடி போட்டுப் பார்த்தேன். இன்னும் மோசமானதுபோல் இருக்கிறது. போதாக்குறைக்கு பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) 200 மில்லிநொடியைத் தாண்டுகிறது. வார்லாக்கை விட்டுவிடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

விடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் குறைகள் எல்லாமே வார்லாக்கை வைத்துக்கொண்டே சரிசெய்யக்கூடியவை. சிலவற்றை இன்று மாலையே சரிசெய்துவிடலாம்.

முதலில் அந்த யூடியூப் வழிகாட்டி. அது ரீடெய்லுக்கானது. இன்றைய ரீடெய்ல் பதிப்பில் டாட்டின் கடைசி 30 சதவீத நேரத்துக்குள் மறுபடி போட்டால், மிச்சமிருக்கும் நேரம் புதிய டாட்டோடு சேர்ந்துகொள்ளும், நஷ்டமே இல்லை. கிளாசிக்கில் அந்த வசதி கிடையாது. பழைய டாட் அப்படியே அழிந்து புதியது முதலிலிருந்து ஆரம்பிக்கும். உங்கள் கரப்ஷன் டாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 18 நொடி, 3 நொடிக்கு ஒரு டிக் (ஒரு அடி), மொத்தம் 6 டிக். 30 சதவீதம் மிச்சம் என்றால் 12.6 நொடி ஓடியிருக்கிறது, 4 டிக் விழுந்திருக்கிறது. அந்த நேரத்தில் மறுபடி போட்டால் மிச்ச 2 டிக் போச்சு. மானா கொடுத்து வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கை உங்கள் கையாலேயே அழித்துவிட்டீர்கள்.

கர்ஸ் (சாபம்) வகை டாட்டான கர்ஸ் ஆஃப் அகனியில் நிலைமை இன்னும் மோசம். இந்த மந்திரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது. அகனி 24 நொடி ஓடும், 2 நொடிக்கு ஒரு டிக், மொத்தம் 12. ஆனால் எல்லா டிக்கும் ஒரே அளவு இல்லை. முதல் 4 டிக் பாதி பலம், நடு 4 முழு பலம், கடைசி 4 ஒன்றரை மடங்கு. 38-ஆவது லெவலில் பயிற்சியாளரிடம் கிடைக்கும் நான்காம் ரேங்கின் மொத்த டேமேஜ் 504. டேலண்டும் ஸ்பெல் டேமேஜும் தரும் கூடுதலை விட்டுவிட்டுப் பார்த்தால், முதல் 8 நொடியில் விழுவது 84, அடுத்த 8 நொடியில் 168, கடைசி 8 நொடியில் 252. பாதி டேமேஜ் கடைசி மூன்றில் ஒரு பங்கு நேரத்தில்தான் விழுகிறது. நீங்கள் 30 சதவீதக் கணக்கில் மறுபடி போட்டபோது, சரியாக அந்த 252-ஐத்தான் ஒவ்வொரு முறையும் தூக்கி எறிந்திருக்கிறீர்கள். அதோடு மறுபடியும் பாதி பல டிக்கிலிருந்து ஆரம்பம். மோசமானதுபோல் தெரிந்தது என்கிறீர்களே, உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. இனி டாட் முழுதாக முடிந்த பிறகே அடுத்ததைப் போடுங்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 8 நொடியில் சாகப்போகிற மாப்மேல் அகனி போட்டால் கிடைப்பது ஆறில் ஒரு பங்கு. மானா மட்டும் முழுதாகப் போகிறது. தம்பியின் மேஜ் வீசும் ஃப்ராஸ்ட்போல்ட் பட்டவுடனே கணக்கு முடிந்தது. உங்களுடையது நேரம் ஓட ஓடத்தான் வேலை செய்யும். ஆகவே நீங்கள் விரலை வைக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த மாப் இன்னும் எத்தனை நொடி உயிரோடு இருக்கும்? அஃப்ளிக்‌ஷன் ஆட்டத்தின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். எந்த ஸ்பெல்லுக்குப் பிறகு எந்த ஸ்பெல் என்ற வரிசையை யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்துவிடலாம். மாப்பின் உயிர் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று பார்த்தவுடன் ஊகிக்கும் கண்தான் மெதுவாக வரும். ஒரு முழு ஓட்டத்துக்கு மீட்டரை மூடிவைத்துவிட்டு இதை மட்டும் கவனியுங்கள். உங்கள் குழு ஒரு மாப்பைக் கொல்ல சராசரியாக எத்தனை நொடி எடுக்கிறது என்பது தானே பிடிபட்டுவிடும்.

பிடிபட்டதும் என்ன செய்வது? எல்லாரும் அடித்துக்கொண்டிருக்கும் மாப்மேல் டாட் போடுவதை நிறுத்துங்கள். டேங்கை மாப்களின் தலைமேல் குறி போடச் சொல்லுங்கள்: மண்டையோடு முதலில் சாக வேண்டியது, சிலுவை அடுத்தது. மண்டையோட்டின்மேல் பட்டவுடன் அடிக்கும் ஷேடோ போல்ட் மட்டும். உயிர் கொஞ்சமே இருந்தால் வாண்ட் (மந்திரக்கோல்), அல்லது டிரெய்ன் சோல், கல் வரவழைக்கத் தேவையான சோல் ஷார்டு ஒன்றாவது மிஞ்சும். டேங்க் சிலுவையையும் இரண்டு அடி அடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு, அதன்மேல் அகனி, கரப்ஷன், சைஃபன் லைஃப். மூன்றுமே உங்களுக்கு உடனடி ஸ்பெல்தான் (இம்ப்ரூவ்ட் கரப்ஷனில் ஐந்து பாயிண்டும் போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் டேலண்ட்டை மாற்றியே ஆக வேண்டும்). மண்டையோடு சாய்ந்து எல்லாரும் சிலுவைக்குத் திரும்பும்போது உங்கள் டாட் ஏற்கெனவே பாதி தூரம் ஓடியிருக்கும். டேங்க் தொடாத மாப்மேல் மட்டும் கை வைக்காதீர்கள், நேராக உங்களிடம்தான் ஓடிவரும்.

தம்பி பாலிமார்ஃப் மந்திரத்தால் ஆடாக மாற்றி முடக்கப்போகிற மாப் இருக்கிறதே, அதன் பக்கமே போகாதீர்கள். டிக் ஒன்று விழுந்தாலும் பாலிமார்ஃப் கலைந்துவிடும். உங்கள் கரப்ஷன் ஓடிக்கொண்டிருக்கும் மாப்பை அவன் ஆடாக்கினாலும் அதே கதைதான். எந்தக் குறி ஆடு என்பதை உள்ளே நுழையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நடக்கும் சண்டையில் பாதி இதில்தான் ஆரம்பிக்கிறது.

ஸ்கார்லெட் மோனாஸ்டரிக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மனிதர்கள். உயிர் குறைந்ததும் ஓடி, பக்கத்து அறையிலிருந்து கூட்டத்தை அழைத்து வருவார்கள். ஐந்து பேர் குழு மொத்தமாகச் சாவது அநேகமாக இப்படித்தான். இதைத் தடுக்கும் மந்திரம் உங்களிடம் இருக்கிறது: கர்ஸ் ஆஃப் ரெக்லெஸ்னெஸ். 14-ஆவது லெவலிலேயே கற்றிருப்பீர்கள், திரையில் மந்திரப் பட்டன்கள் இருக்கும் பாருக்கு வெளியே தூசி படிந்து கிடக்கும். அது இருக்கும் மாப் பயந்து ஓடாது. ஒரு மாப்மேல் உங்கள் கர்ஸ் ஒன்றுதான் நிற்கும் என்பதால், கொஞ்ச நேரத்தில் சாகப்போகும் மண்டையோட்டுக்கு அகனிக்குப் பதில் இதைப் போடுங்கள். மீட்டரில் உங்கள் பெயருக்கு ஒரு எண்கூட ஏறாது. ஆனால் குழு உயிரோடு வெளியே வரும். இந்த ஒன்றுக்காகவே வார்லாக்கைத் தேடிச் சேர்த்துக்கொள்ளும் டேங்குகள் உண்டு.

பாஸ் (டன்ஜனின் பெரிய எதிரி) சண்டை என்றால் எல்லாம் தலைகீழ். இங்கேதான் ஆறு டிக்கும் பன்னிரண்டு டிக்கும் முழுதாக விழும். ஆம்ப்ளிஃபை கர்ஸ் டேலண்ட் எடுத்திருந்தால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் போட்டு, உடனே அகனி போடுங்கள், ஒன்றரை மடங்காகும். மோனாஸ்டரியின் கதீட்ரல் பகுதியில் பாஸ் ஒயிட்மேனோடு நடக்கும் சண்டையை நினைத்துப் பாருங்கள். முதலில் தளபதி மோகிரேன் விழுந்ததும் அவள் வருவாள். அவள் உயிர் பாதியாகும்போது ஐந்து பேரையும் தூங்கவைத்துவிட்டு, போய் மோகிரேனை எழுப்புவாள். அந்தப் பத்து நொடி மேஜின் கையும் ஓடாது, ரோக்கின் கத்தியும் ஓடாது. அவள் 60 சதவீதத்தில் இருக்கும்போதே நீங்கள் மூன்று டாட்டையும் புதிதாக ஏற்றி வைத்திருந்தால், நீங்கள் தூங்கிக்கொண்டே அடித்துக்கொண்டிருப்பீர்கள். சைஃபன் லைஃப் அந்தத் தூக்கத்திலும் உங்கள் உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். மொத்த ஓட்டத்தின் மீட்டரைப் பார்க்காமல் இந்தச் சண்டையை மட்டும் தனியாகத் திறந்து தம்பியிடம் காட்டுங்கள்.

லைஃப் டேப் விஷயத்தில் உங்கள் தோழி பக்கம் நியாயம் இருக்கிறது. சண்டை நடுவே நீங்கள் உயிரை இறக்கினால், அதை நிரப்ப அவள் மானா செலவாகிறது. அவளுக்கு லைஃப் டேப் கிடையாது. வழக்கத்தை இப்படி மாற்றுங்கள்: சண்டை முடிந்து அவள் தண்ணீர் குடிக்க உட்காரும் நேரத்தில் நீங்கள் இரண்டு மூன்று டேப் போட்டுவிட்டு, சாப்பாடும் தண்ணீரும் சேர்த்து எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ரொட்டியும் தண்ணீரும் தம்பியே இலவசமாக வரவழைத்துத் தருவான். சண்டை நடுவே போட்டே ஆக வேண்டும் என்றால், போட்ட உயிரை, எதிரியின் உயிரை உறிஞ்சும் டிரெய்ன் லைஃபால் நீங்களே திருப்பி எடுங்கள். ஃபெல் கான்சன்ட்ரேஷன் டேலண்ட் இருந்தால் அடி வாங்கினாலும் அது பெரும்பாலும் தடைபடாது. முதலுதவிக் கட்டு ஒன்றும் கையிருப்பில் இருக்கட்டும். டன்ஜனுக்குள் நுழையும் முன் எல்லாருக்கும் உயிர் ஏற்றும் ஹெல்த்ஸ்டோன், ஹீலருக்கு செத்தாலும் எழவைக்கும் சோல்ஸ்டோன். குழு மொத்தமும் விழுந்தாலும் அவள் எழுந்து மற்றவர்களை எழுப்பலாம். அதன்பிறகு உங்கள் ஒரு டேப்புக்காக அவள் கோபிப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

"எல்லாரும் வேஸ்ட்னு சொல்றாங்க" என்பதற்கு வருகிறேன். அந்தப் பேச்சு சும்மா கிளம்பியதல்ல, ஆனால் அது பிறந்த இடம் வேறு. 2004-இல் ஆட்டம் வந்தபோது ஒரு பாஸ்மேல் 8 டிபஃப்தான் (டாட், கர்ஸ் போன்றவை) நிற்கும். 2005 செப்டம்பரில் 1.7 பேட்சில் (புதுப்பிப்பு) அது 16 ஆனது. ரெய்டு என்ற பெருங்குழுச் சண்டைக்குள் 40 பேர். டேங்கின் சண்டர், மேஜின் ஸ்கார்ச், வார்லாக்குகளின் மற்ற கர்ஸ்கள் என்று இடம் போட்டி. அதில் உங்கள் கரப்ஷன் ஓர் இடத்தைப் பிடித்தால் அதைவிட முக்கியமான ஏதோ ஒன்று கீழே தள்ளப்படும். அதனால் ரெய்டில் வார்லாக்குகளை டாட் போடாதே, ஷேடோ போல்ட் மட்டும் வீசு என்றார்கள். பர்னிங் க்ரூசேட் விரிவாக்கத்தின் காலத்தில் வரம்பு 40-ஆக உயர்ந்தது, புதிய டாட்டான அன்ஸ்டேபிள் அஃப்ளிக்‌ஷனும் கூடவே வந்தது. 2019-இல் கிளாசிக் வந்தபோது பழைய 16 திரும்பியது, பழைய பேச்சும் திரும்பியது. 2021-இன் சீசன் ஆஃப் மாஸ்டரி என்ற கிளாசிக் சர்வர்களில் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். ஐந்து பேர் குழுவில் 16 இடம் நிறைவதே அபூர்வம். லெவல் 60-இல் 40 பேரோடு நிற்பவர்களுக்குச் சொன்னதை 38-இல் ஐந்து பேரோடு நிற்கும் உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. தனியாக லெவல் ஏற்றும்போது அஃப்ளிக்‌ஷன் எவ்வளவு சுகம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்: இரண்டு மாப்மேல் டாட் போட்டு, டிரெய்ன் லைஃபில் உயிரை மீட்டுக்கொண்டு, நிற்காமல் போய்க்கொண்டே இருக்கலாம். மேஜ் நாலு மாப்புக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க உட்காருவான்.

பிங்குக்காகக் கவலையே வேண்டாம். தூரத்து சர்வரில் ஆடும் நமக்கு இதைவிடத் தோதான கிளாஸ் குறைவு. டாட் ஒருமுறை ஏறிவிட்டால் டிக் விழுவது சர்வரின் வேலை. உங்கள் இணைப்பு இரண்டு நொடி திக்கினாலும் அது நிற்காது. எதிரியின் ஸ்பெல்லை அரை நொடிக்குள் நிறுத்த வேண்டிய பொறுப்பும் உங்களுடையதல்ல.

உடையில், ஷேடோ ஸ்பெல் டேமேஜ் கூட்டும் பொருள் ஏலக்கடையில் மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். கரப்ஷனும் அகனியும் அந்த எண்ணை முழுதாக எடுத்துக்கொள்ளும், ஷேடோ போல்ட்கூட அவ்வளவு எடுக்காது. லெவல் 35-இலிருந்து பாயிண்ட்டை ஷேடோ மாஸ்டரி டேலண்ட்டில் போட்டுவருகிறீர்களா என்றும் பாருங்கள்.

தம்பி மறுபடி மேஜ் பேச்சை எடுத்தால், இன்னும் இரண்டு லெவல் பொறுக்கச் சொல்லுங்கள். 40-இல் வார்லாக்குக்கு ஃபெல்ஸ்டீட் குதிரை பயிற்சியாளரிடமே கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்துவிடும். அவன் தன் குதிரைக்குச் சுமார் 100 தங்கம் சேர்க்க வேண்டும்.