‘பிரஷ்யா’ சரி, எந்தக் கிராமம்?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் மில்வாக்கியில் இருக்கிறான். மருமகள் அந்த ஊர்ப் பெண், லுத்தரன் குடும்பம். அவளுடைய எள்ளுத்தாத்தா ஜான் மில்லர் ஜெர்மனியிலிருந்து வந்தவராம். 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிறந்தது ஆகஸ்ட் 1861, வந்தது 1882 என்று இருக்கிறது. 1910 கணக்கெடுப்பு வந்த வருஷத்தை 1884 என்கிறது. கல்லறைக் கல்லில் ‘பிரஷ்யா’ என்று மட்டும். ஹாம்பர்க் கப்பல் பட்டியலில், அந்தப் பெயரின் ஜெர்மன் வடிவத்தில் தேடினால் ஏழு யோஹான் முல்லர்கள் வருகிறார்கள். பேரனுக்கு வம்சாவளி எழுதிக் கொடுக்க ஆசை. இந்த ஏழில் எங்களவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: அந்த ஏழு பேரையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்களவர் அதில் இல்லாமலே போகலாம். ஜெர்மானியர்கள் பிரேமன் துறைமுகம் வழியாகவும் ஏராளமாகப் போனார்கள். ஹாம்பர்க் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை தப்பிப் பிழைத்திருக்கின்றன. பிரேமனிலோ இடமில்லை என்று பழைய பட்டியல்களை அலுவலகமே அழித்துவிட்டது. மிச்சத்திலும் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போயிற்று. ஆக, கிடைத்த பட்டியலில் இருக்கிற முல்லரை நம்மவர் என்று பிடித்துக்கொள்வது, தொலைத்தது ஓரிடம், தேடுவது வெளிச்சம் இருக்கிற இடம் என்கிற கதைதான்.

‘பிரஷ்யா’வும் உதவாது. மேற்கே ரைன் நதிக்கரையிலிருந்து கிழக்கே இன்றைய லிதுவேனியாவின் ஓரம் வரை நீண்டிருந்த ராஜ்ஜியம் அது. பிறப்பு, திருமணப் பதிவுகளோ கிராமவாரியாக, சர்ச்வாரியாக இருக்கின்றன. கிராமத்தின் பெயர் கையில் இல்லாமல் அந்தப் பக்கம் போய்ப் பயனில்லை. அந்தப் பெயரும் பெரும்பாலும் மில்வாக்கியில்தான் கிடைக்கும்.

மருமகளை முதலில் அனுப்ப வேண்டியது சர்ச்சுக்கு. ஜான் எந்த லுத்தரன் சபையில் அடக்கம் செய்யப்பட்டார், எங்கே திருமணம் செய்தார், பிள்ளைகளுக்கு எங்கே ஞானஸ்நானம் கொடுத்தார் என்று பாருங்கள். அந்தக் காலப் போதகர்கள் ஜெர்மன்காரர்கள், பதிவேடும் ஜெர்மனில். அடக்கப் பதிவில் ‘இன்ன ஊரில், இன்ன வட்டத்தில் பிறந்தவர்’ என்று போதகர் எழுதுவது உண்டு. ஊர்ப் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர் என்பதால் எழுத்தும் ஓரளவு சரியாக இருக்கும். அதே ஊர்ப் பெயரை ஆங்கிலம் மட்டும் தெரிந்த குமாஸ்தா எழுதினால் காதில் விழுந்த மாதிரிதான் இருக்கும். சபை மூடிவிட்டதென்றால் அது எந்த சினோடை, அதாவது எந்தச் சபைக் கூட்டமைப்பைச் சேர்ந்தது என்று விசாரியுங்கள். மிசௌரி சினோடின் ஆவணக் காப்பகம் செயின்ட் லூயிஸில் இருக்கிறது.

ஜானின் பதிவோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோர் பெயர் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் அண்ணன் தம்பியோ மைத்துனரோ அதே கிராமத்துக்காரரோதான். ஜானின் பதிவில் ஊர் இல்லாவிட்டாலும் அவர்களில் ஒருவருடைய அடக்கப் பதிவில் இருக்கலாம். ஜெர்மன் மொழிப் பத்திரிகைகளில் வந்த இரங்கல் குறிப்புகளையும் பார்க்க வேண்டும். மில்வாக்கியில் ‘ஹெரால்ட்’ போன்றவை வந்துகொண்டிருந்தன. மில்வாக்கி இருக்கிற விஸ்கான்சின் மாநிலத்தில் 1907 அக்டோபருக்கு முந்தைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் அட்டவணை விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது.

குடியுரிமைப் பத்திரங்களில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 1906 செப்டம்பருக்கு முந்தைய பத்திரங்களில் பொதுவாக நாட்டின் பெயர்தான் இருக்கும், ஊர் இருக்காது. 1900 கணக்கெடுப்பில் குடியுரிமைக் கட்டத்தில் ‘பிஏ’ என்று இருந்தால், குடியுரிமை பெற விருப்பம் தெரிவிக்கும் முதல் பத்திரம் மட்டும் போட்டவர் என்று பொருள். அன்றைய விஸ்கான்சினில் அதற்கே ஓட்டுரிமை கிடைத்ததால் பலர் அதோடு விட்டுவிட்டார்கள். 1882, 1884 குழப்பத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கேட்டவரிடம் வாயில் வந்த வருஷத்தைச் சொல்வது சகஜம். 1880 முதல் 1885 வரை வைத்துத் தேடுங்கள். நியூயார்க்கோடு பால்டிமோர் துறைமுகத்தையும் பாருங்கள். பிரேமனிலிருந்து அங்கே நேரடிக் கப்பல் ஓடியது.

ஊர்ப் பெயர் கிடைத்ததும் ஒரு சிக்கல் வரும். ‘நாய்டார்ஃப்’ என்று வந்தால் நம்மூர்ப் ‘புதூர்’ மாதிரி. அர்த்தமும் அதேதான், எண்ணிக்கையும் ஏறக்குறைய அப்படித்தான். வட்டத்தின் பெயர் கூட இருந்தால்தான் பிரிக்க முடியும். 1912இல் வந்த ‘மேயர்ஸ்’ ஊர் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தக் கிராமம் எந்த வட்டம், பதிவு அலுவலகம் எங்கே, சர்ச் உள்ளூரில் உண்டா என்று சொல்லிவிடும். சர்ச் இல்லாத கிராமத்துக்குப் பக்கத்து ஊர் சர்ச்சின் பதிவேடுதான்.

விஸ்கான்சினுக்கு வந்த பிரஷ்யர்களில் பால்டிக் கடலோர மாகாணமான பொமரேனியாக்காரர்கள் நிறைய. அந்த மாகாணத்தின் கிழக்குப் பாதி இன்று போலந்தில். அங்கே சர்ச் பதிவேடுகள் பல 1945இல் அழிந்துபோயின. பிரஷ்யாவில் அரசுப் பதிவு தொடங்கியதே 1874 அக்டோபரில்தான். 1861இல் பிறந்தவருக்கு அதில் பிறப்புப் பதிவு இருக்காது. ஆனால் ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய தம்பி, தங்கைகளின் திருமணம் அதில் இருக்கும், அதில் பெற்றோர் பெயரும் இருக்கும். போலந்து அரசுக் காப்பகங்கள் இவற்றில் நிறையவற்றை இலவசமாக இணையத்தில் ஏற்றியிருக்கின்றன. ஜெர்மனியின் புரொட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கு ‘ஆர்க்கியோன்’ தளம், அது கட்டணம்.

பெயரில் கவனம். முல்லர், மியூலர், வட ஜெர்மனியில் மோலர், அமெரிக்காவில் மில்லர் எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம். பதிவேட்டில் ‘யோஹான் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம்’ என்று மூன்று பெயர் இருந்தால் வீட்டில் கூப்பிட்டது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். சில இடங்களில் கூப்பிடும் பெயரின் கீழே கோடு போட்டிருப்பார்கள். கையெழுத்து ‘குர்ரென்ட்’ என்னும் பழைய வரிவடிவம். அதில் ‘e’யும் ‘n’னும் ஒன்றுபோல இருக்கும், ‘u’வின் தலைமேல் ஒரு வளைகோடு போட்டுத்தான் பிரித்துக் காட்டுவார்கள். ‘7பெர்’ என்று கண்டால் ஜூலை என்று எழுதிவிடாதீர்கள், அது செப்டம்பர். பழைய பதிவேடுகளில் இந்தச் சுருக்கம் வரும்.

கடைசியாக, 1861 ஆகஸ்டில் ஒரு யோஹான் முல்லரின் ஞானஸ்நானம் கிடைத்துவிட்டால் உடனே எழுதிவிடாமல், அதே சர்ச்சின் அடக்கப் பதிவேட்டில் அடுத்த பத்து வருஷத்தைப் புரட்டுங்கள். குழந்தை இறந்து, அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்த வீடுகள் நிறைய. பதிவேட்டில் உங்களுக்குக் கிடைத்தவர் மில்வாக்கிக்கு வந்தவரின் இறந்துபோன அண்ணனாக இருக்கலாம்.