கல்லுக்கு அடியில் குடியிருப்போர்: நீர்ப்பூச்சிகள் பற்றிய கேள்வி பதில்

நீர்ப்பூச்சி, நத்தை, மட்டி என முதுகெலும்பில்லாத நன்னீர் உயிர்களைத் தேடி ஓடைகளிலும் கண்மாய்களிலும் வலையோடு திரிபவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: அம்மா, ஒரே ஓடையில் பத்தடி தள்ளி வலை வைத்தால் வேறு பூச்சிகள் வருகின்றனவே?

தண்ணீர் ஒன்றுதான், தரை ஒன்றல்ல. சலசலத்து ஓடும் இடத்தில் ஒரு கூழாங்கல்லைப் புரட்டிப் பாருங்கள். மேல்பக்கம் வழுவழுப்பான பாசி. அதை மேயும் மேஃபிளை என்ற சிறு பூச்சியின் குஞ்சுகள். அடிப்பக்கம் பழைய காலணா போல வட்டமாக ஒன்று ஒட்டியிருக்கும். அது ஒரு வண்டின் புழு. நகத்தால் நெம்பினால்தான் வரும். கற்களின் இடுக்கில் காடிஸ் என்ற பூச்சியின் புழு ஒன்று பட்டிழையால் வலை கட்டி, ஓட்டம் கொண்டுவருவதைப் பிடித்துத் தின்கிறது. பத்தடி தள்ளி மடுவில் அந்த வலைக்கு வேலையே இல்லை. அங்கே இலைக்குப்பையை அரிப்பவையும், சேற்றில் பதுங்கி இரை பிடிக்கும் தட்டான் குஞ்சுகளும்தான்.

விவசாயி, சிவகங்கை: கண்மாயைத் தூர்வாரி ஆழப்படுத்தினால் உயிர்களும் பெருகும் அல்லவா?

தண்ணீர் பெருகும். உயிர்கள் பெருகுமா என்பது கரையோரத்தை எப்படி வெட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எனக்குப் பழக்கமான ஒரு கண்மாயில் ஓரமெல்லாம் முழங்கால் ஆழம்தான்: கோரை, அல்லி, கொட்டி. ஒரு வீச்சில் ஊசித்தட்டான் குஞ்சுகள், நத்தைகள், முட்டைகளை முதுகில் சுமந்து திரியும் ஆண் பூச்சி என வலை கனக்கும். பிறகு பொக்லைன் வந்தது. ஓரம் சுவர் போலச் செங்குத்தானது. அடுத்த ஆண்டு வந்தவை பெரும்பாலும் சிவப்புப் புழுக்கள்; உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் உயிர்வளி குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிப்பவை. ஊசித்தட்டான் செடியின் தண்டைக் கீறித்தான் முட்டை வைக்கும். ஆழத்தில் வெளிச்சம் எட்டாவிட்டால் செடி ஏது, தண்டு ஏது? நடுவில் ஆழமாக வெட்டுங்கள்; ஓரத்தைச் சரிவாக விடுங்கள்; ஒரு மூலையைத் தொடவே தொடாதீர்கள்.

இல்லத்தரசி, மதுரை: செடியை விட்டால் கொசு வரும் என்கிறார்களே?

டெங்கு கொசுவுக்கு உங்கள் மாடித் தொட்டியும் பழைய டயரும் போதும், கண்மாய் வேண்டாம். ஆனால் ஆகாயத்தாமரைக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். மான்சோனியா கொசுவின் புழு மிதக்கும் செடிகளின் வேரில் குத்தி அங்கிருந்தே மூச்சு வாங்குகிறது. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்கால் நோயைப் பரப்பியது இந்த இனம்தான். ஒரே செடி நீர்ப்பரப்பு முழுவதையும் மூடினால் அதைப் பலவகை உயிர்களுக்கான வாழிடம் என்று எப்படிச் சொல்வது?

ஆசிரியர், தேனி: பலவகை உயிர்கள் வர பள்ளிக் குளத்தில் கல், கட்டை, மணல் எல்லாம் கொட்டலாமா சார்?

சார் இல்லை, அம்மா! சின்னக் குளத்தில் எல்லாவற்றையும் திணித்தால் எதற்கும் போதிய இடம் இருக்காது. இரண்டு மூன்று போதும். வண்டல் வந்து இறங்கும் குளமானால் முதலில் அதைத் தடுங்கள். இல்லாவிட்டால் கற்களின் இடுக்கெல்லாம் அடைந்துபோகும்.

பொறியாளர், சென்னை: கெடுத்த நீர்நிலையை எங்காவது திருத்தியிருக்கிறார்களா?

அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் கிஸ்ஸிம்மி ஆறு. வளைந்து நெளிந்து ஓடிய சுமார் 166 கிலோமீட்டர் ஆற்றை, 1962 முதல் 1971 வரை வெட்டி, 90 கிலோமீட்டர் கால்வாயாக்கினார்கள். 1999இல் கால்வாயின் நடுப்பகுதியை மண் போட்டு மூடத் தொடங்கி, 2021இல் பணியை முடித்தார்கள். பழைய வளைவுகளில் ஓட்டம் திரும்பியதும் மணல் திட்டுகள் வந்தன. மூழ்கிய கிளைகளில் நீரை வடிகட்டி உண்ணும் பூச்சிகளும் வந்தன. வெட்டியதைவிட மூடுவதற்குத்தான் அதிகக் காலம்.

மாணவர், புதுக்கோட்டை: கோடையில் வற்றும் குட்டைக்கு மதிப்பு உண்டா?

வற்றுவதால்தான் மதிப்பு. மீன் நிலைக்காது, அதனால் மீன் தின்றுவிடக்கூடிய மென்மையான உயிர்களுக்கு அது புகலிடம். மல்லாந்து நீந்தும் தேவதை இறால் அவற்றில் ஒன்று, தமிழ்நாட்டிலும் உண்டு. அதன் முட்டைகள் காய்ந்த சேற்றில் மழைக்காகக் காத்துக் கிடக்கும். வற்றிய குட்டையில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, வெள்ளைக் கிண்ணத்தில் மழைநீர் ஊற்றி வெளிச்சத்தில் வையுங்கள். ஏதாவது நீந்தினால் எனக்கு எழுதுங்கள்.