மலிவெண்டு அள்ளாதேங்கோ, பாத்து அள்ளுங்கோ

வாசகர் கேள்வி, அக்காவின்ர பதில்

இந்த முறை வந்த கடிதங்களில பாதிக்கு மேல கடைச்சாமான் விசயம்தான். நான் சங்கக்கடையில பதினொரு வருசம் நிறுத்துக் குடுத்து பில் எழுதினனான், அதால மற்ற விசயங்களை விட உதில எனக்குக் கொஞ்சம் வாய் கூட, பொறுத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி: அக்கா, நாங்கள் விசுவமடுப் பக்கம். இவர் சம்பளம் எடுத்த கிழமை பஸ் ஏறி கிளிநொச்சிக்குப் போய் சுப்பர்மார்க்கெற்றில விலைக்கழிவு போட்டுக் கிடக்கிறது எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு வாறம். மாமி ஒவ்வொரு முறையும் பையைக் கொட்டிப் பாத்திட்டு "உதுக்கோ பஸ்ஸுக்குக் காசு குடுத்துப் போனனீங்கள்" எண்டு ஏசுறா. எதை வாங்கலாம், எதை விடலாம் எண்டு ஒருக்கா சொல்லுங்கோ.

பதில்: மாமி பையுக்குள்ள எதைக் கண்டு ஏசினவ எண்டு எழுதாமல் விட்டிட்டீங்கள் பிள்ளை. அரிசியைக் கண்டு ஏசினவ எண்டா நான் மாமியின்ர பக்கம். இரணைமடுத் தண்ணியில விளைஞ்ச நெல்லு உங்கட வீட்டைச் சுத்திக் கிடக்கேக்க, எங்கயோ ஒரு மில்லில மினுக்கி அஞ்சு கிலோப் பையில கட்டி லொறியில வந்த அரிசியை நீங்கள் பஸ்ஸில தூக்கிக்கொண்டு வாறதில என்ன கணக்கு இருக்கு? காலபோக வெட்டு முடிஞ்சு மாசி பங்குனியில நெல்லு விலை விழுற நேரம் தெரிஞ்ச ஆக்களிட்ட ரெண்டு மூண்டு மூட்டை எடுத்து நல்லாக் காயவிட்டு வையுங்கோ, தேவைக்கு ஏற்ற மாதிரி அவிச்சுக் குத்திக்கொள்ளலாம், தவிடும் கோழிக்கு மிஞ்சும். கையில மொத்தமாக் காசு இல்லையெண்டா மில்லிலயே பத்துக் கிலோ பத்துக் கிலோவா வாங்கலாம். அரிசி பழசானா பிழையில்லை, சோறு உதிரி உதிரியா வரும், வண்டு பிடிக்காமல் வேப்பிலை போட்டு வைச்சாச் சரி.

உழுந்து, பயறு, கச்சான், எள்ளு, இந்த நாலும் அதே கதைதான். வவுனியா முல்லைத்தீவுப் பக்கம் விளையிற உழுந்தைத் தோலோட வாங்கினா ஊறப்போட்டுக் கழுவிற வேலை கூடத்தான், ஆனால் தோசைக்கு அந்த மணம் வெள்ளை உழுந்துப் பக்கற்றில வராது.

மைசூர்ப் பருப்பு, சீனி, பம்பாய் வெங்காயம், ரின்மீன், பால்மா, சவர்க்காரம், தீப்பெட்டி, இதுகள் ஒண்டும் எங்கட மண்ணில முளைக்கிறதில்லை. பருப்பு கனடாவில இருந்தும் அவுஸ்ரேலியாவில இருந்தும் வருது, சீனியில பெரும்பங்கு கப்பலில வருது. கப்பலில வாறதைப் பெரிய கடை மொத்தமா எடுக்கும், விலையைக் குறைக்க அவைக்கு இடம் இருக்கு, சாமான் கெதியா வித்து முடியிறதால பழசும் தேங்காது. அரசாங்கத்தின்ர சதொசக் கடையிலயும் இதுகளைத்தான் முதல் பாருங்கோ. பருப்பைச் சில்லறையா அள்ளி நிறுத்துத் தாற இடமெண்டா கையில கொஞ்சம் எடுத்துத் தேய்ச்சுப் பாருங்கோ, மா மாதிரித் தூள் ஒட்டினா அடிப்பருப்பு, விட்டிட்டு வாங்கோ.

இனி மாமி ஏசாட்டியும் நான் ஏசப்போற சாமான், உறைஞ்ச கோழி. கழிவு எண்டவுடன எல்லாரும் முதல் ஓடுறது அந்தப் பெட்டியடிக்குத்தான். பைக்குள்ள பனிக்கட்டி பெரிசு பெரிசாக் கிடந்தா, இல்லாட்டி கோழிக்குக் கீழ இளஞ்சிவப்பில தண்ணி உறைஞ்சு கிடந்தா, அது ஒருக்கா இளகித் திருப்பி உறைஞ்சது எண்டு அர்த்தம், கரண்ட் போய் வந்திருக்கும், இல்லாட்டி வாற வழியில லொறி நிண்டிருக்கும். அந்தத் தண்ணிக்கும் சேத்துத்தான் நீங்கள் கிலோக்கணக்கில காசு குடுக்கிறியள். நல்ல கோழியே கிடைச்சாலும் விசுவமடுவுக்குக் கொண்டுபோய்ச் சேக்கவேணுமே, பரந்தனில பஸ் மாறி, சனத்துக்குள்ள நெரிபட்டு, சித்திரை வெயிலுக்க. வெக்கை 32 பாகையைத் தாண்டினா இளகின இறைச்சி ஒரு மணித்தியாலத்துக்கு மேல வெளியில கிடக்கக்கூடாது. கட்டாயம் வாங்கத்தான் வேணுமெண்டா எல்லாம் எடுத்து முடிச்சுக் கடைசியா எடுத்து, பேப்பரில நாலு சுத்துச் சுத்தி, ரெஜிபோம் பெட்டியில வைச்சுக் கொண்டு வாங்கோ. நான் எண்டா அயலுக்குள்ள உரிச்சுத் தாற கோழியைத்தான் வாங்குவன், விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் தண்ணிக்குக் காசு இல்லை.

மீனைப் பற்றி முல்லைத்தீவுக் கடலை வைச்சுக்கொண்டு கேக்கவே வேண்டாம். கடல் கொந்தளிக்கிற மாரியில குளத்து மீன் இருக்கு.

மரக்கறியில ரெண்டு பக்கமும் நியாயம் கிடக்கு. கத்தரி, வெண்டி, பயித்தங்காய், பூசணி, கீரை எல்லாம் சந்தையில விடியப் பறிச்சது விடியவே கிடைக்கும், அதே சாமான் தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய்ச் சுத்தித் திரும்பி வந்து குளிர் றாக்கையில படுத்துக் கிடக்கிறதை ஏன் வாங்கவேணும். ஆனால் கரட், லீக்ஸ் எல்லாம் கூடுதலா மலைநாட்டில இருந்து வாறதுதான், கழிவு நாளில சுப்பர்மார்க்கெற்றில சந்தையை விடக் குறைவாக் கிடைக்கும், நிறையும் சரியா இருக்கும். சில சந்தைத் தராசுகளைப் பற்றி எனக்கு நல்லாத் தெரியும், இதில எழுதேல்லை. வெட்டித் துண்டாக்கிப் பொலித்தீன் சுத்தின பூசணி, பிலாக்காய், சலாட் இதுகளைத் தொடாதேங்கோ, முழுசா விக்க ஏலாமல் போனதைத்தான் கனதரம் வெட்டி வைக்கிறது.

தூள் வகை வேண்டவே வேண்டாம். செத்தல், மல்லி வாங்கி வறுத்து மில்லில திரிச்சாத்தான் எங்கட தூள். மஞ்சளும் கட்டையா வாங்கி இடிக்கிறதுதான் நம்பிக்கை. 2020 இல மஞ்சள் இறக்குமதியை நிப்பாட்டி விலை ஏறின நேரம் ஞாபகம் இருக்கோ, மஞ்சளுக்க மா கலந்து வித்த காலம் அது, அதுக்குப் பிறகு எனக்குப் பக்கற் மஞ்சளில மனம் ஒட்டுறேல்லை. தேங்காயெண்ணெயும் பாத்துத்தான் வாங்கவேணும். 2021 இல இறக்குமதி செய்த எண்ணெயில அஃபிளடொக்சின் எண்ட நச்சுப் பிடிபட்டது எல்லாருக்கும் தெரியும், பூஞ்சணம் பிடிச்ச கொப்பராவில இருந்து வாறது அது. மூடி முத்திரை உடையாத, எஸ்.எல்.எஸ். எண்ட இலங்கைத் தரக் குறி போட்ட போத்தலா எடுங்கோ, இல்லாட்டி கொப்பராவைக் கண்ணால பாத்து ஆட்டுவியுங்கோ. உப்பு எந்தக் கடையிலயும் வாங்கலாம், அயடின் போட்டதோ எண்டு மட்டும் பாருங்கோ, ஆனையிறவு உப்பளத்தைத் தாண்டிப் போற எங்களுக்கு உப்பு விசயத்தில ஆர் புதுசாச் சொல்லித் தரவேணும்.

கேள்வி: ரெண்டு ரின்மீனும் ஒரே அளவுதான், ஒண்டு விலை குறைவு. குறைஞ்சதை வாங்கினா அம்மா "ரின்னுக்க தண்ணிதான் கிடக்கு" எண்டுறா. உண்மையோ? (ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: அம்மா சரி தம்பி. ரின்னைச் சுத்தி வாசியுங்கோ, ரெண்டு நிறை போட்டிருக்கும். பெரிய ரின்னில மொத்த நிறை 425 கிராம், அதில வடிச்ச நிறை 280 கிராம் அளவில இருக்கவேணும், அதுதான் மீன், மிச்சம் தண்ணியும் உப்பும். விலையை 425 ஆல பிரிக்காமல் வடிச்ச நிறையால பிரிச்சுப் பாருங்கோ, சிலநேரம் மலிவு ரின் மலிவில்லாமல் போகும். இதே கணக்கை எல்லாத்துக்கும் போடலாம், போன்ல கல்குலேற்றர் இருக்கே. பெரிய பக்கற் எண்டா மலிவாத்தான் இருக்கும் எண்டு சங்கக்கடைக் காலத்தில நானே நம்பினனான், இப்ப ரெண்டு 400 கிராம் பால்மா ஒரு பெரிய பக்கற்றை விடக் குறைவா வந்த நாளும் கண்டிருக்கிறன். பிஸ்கற்றுக்காரர் இன்னும் கெட்டிக்காரர், விலையை அப்பிடியே வைச்சுக்கொண்டு நாலு பிஸ்கற்றைக் குறைச்சுப் போடுவினம், பக்கற்றின்ர நீளம் மாறாது.

நெளிஞ்ச ரின்னைக் கழிவில போட்டிருந்தா, உடம்பில சின்னதா நெளிஞ்சது பறவாயில்லை, மேல கீழ மடிப்பு விளிம்பில நெளிஞ்சதும் ஊதினதும் காசில்லாமல் தந்தாலும் வேண்டாம்.

கேள்வி: "ஒண்டு வாங்கினா ஒண்டு சும்மா" எண்டு போடுற சாமான் எல்லாம் திகதி முடியப்போறதுதானோ? (நெடுங்கேணி வாசகி)

பதில்: எல்லாம் இல்லை, கனக்க. எனக்கே நடந்தது, ஆசையில பால்மா நாலு பக்கற் தூக்கிக்கொண்டு வந்து அலுமாரியில அடுக்கிப்போட்டு இருக்க, பேத்திதான் திகதியை வாசிச்சுச் சொன்னவள், இன்னும் பத்தொன்பது நாள். ரெண்டு பேர் இருக்கிற வீட்டில நாலு பக்கற்றை எப்பிடிக் குடிச்சு முடிக்கிறது, பால்ரொபி கிண்டி அயலுக்க குடுத்தம். கடைக்காரனில பிழை சொல்ல ஏலாது, திகதி அச்சடிச்சுத்தான் கிடந்தது, நான்தான் கழிவைப் பாத்த கண்ணால அதைப் பாக்கேல்லை.

ஒரு கிழமைக்குள்ள முடியிற சாமான் எண்டா திகதி கிட்டினதும் நல்ல பேரம்தான். தயிர், சீஸ், பாண் எல்லாத்தையும் அண்டைக்கே சாப்பிட ஆள் இருந்தா பாதி விலைக்கு வாங்குங்கோ. சின்னப்பிள்ளையளின்ர பால்மாவில மட்டும் அந்த விளையாட்டு வேண்டாம். றாக்கையில கையை உள்ளுக்கு விட்டுப் பின்னால கிடக்கிறதை எடுங்கோ, புதுசு பின்னாலதான் இருக்கும், நாங்களும் அப்பிடித்தான் அடுக்கினனாங்கள். திகதி முடிஞ்ச சாமானை வித்தா, இல்லாட்டி பக்கற்றில அடிச்ச உச்ச சில்லறை விலையை விடக் கூட எடுத்தா 1977 க்கு அடியுங்கோ, பாவனையாளர் அதிகாரசபையின்ர இலக்கம். பில்லை எறியாமல் வைச்சிருக்கவேணும், பில் இல்லாமல் கதைச்சா காத்தில கதைச்ச மாதிரி. றாக்கையில ஒரு விலை, காசுப்பெட்டியடியில ஒரு விலை எண்டு வாறதும் கண்டிருக்கிறன், வாசலைத் தாண்ட முதல் பில்லை ஒருக்கா வாசிச்சுப்போட்டு வெளிக்கிடுங்கோ.

கேள்வி: ஐஸ்கிறீம் பெரிய டப்பா மலிவாக் கிடக்கு, பிறந்தநாளுக்கு வாங்கலாமோ? (மாங்குளம்)

பதில்: டப்பாவில ஐஸ்கிறீம் எண்டு எழுதிக் கிடக்கோ, இல்லாட்டி "உறைந்த இனிப்பு" மாதிரி வேற ஏதும் எழுதிக் கிடக்கோ பாருங்கோ. பால் கொழுப்புக்குப் பதிலா மரக்கறி எண்ணெய் போட்டு அடிச்சதுக்கு வேற பேர்தான் போடுவினம். ரின்பாலிலயும் அப்பிடி இருக்கு. சாப்பிட்டா ஒண்டும் ஆகாது, பால் விலை மட்டும் குடுக்காதேங்கோ. குளிர்பானம் வாங்கினா 2016 இல இருந்து போத்தலில போடுற சீனி நிறக்குறியைப் பாருங்கோ, 100 மில்லியில 11 கிராமுக்கு மேல சீனி எண்டா சிவப்பு. பிறந்தநாளுக்கு தேசிக்காய்த் தண்ணி கரைச்சாலும் பிள்ளையள் குடிக்கும்.

கேள்வி: நான் ஊருக்க சின்னக் கடை வைச்சிருக்கிறன். நீங்கள் இப்பிடி எல்லாரையும் ரவுனுக்கு அனுப்பினா என்ர கொப்பிக் கடனை ஆர் கட்டுறது? சம்பளக் காசு சுப்பர்மார்க்கெற்றுக்கு, கடைசிக் கிழமைக் கடன் எனக்கு. (புதுக்குடியிருப்பு)

பதில்: தம்பி, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சனான். 2022 செப்டெம்பரில சாப்பாட்டுச் சாமானின்ர விலை ஒரு வருசத்துக்க ஏறக்குறைய ரெண்டு மடங்காப் போன நேரம், பெற்றோல் இல்லை, பஸ் இல்லை எண்டு அலைஞ்ச வருசம் அது, அப்ப சீனியும் மாவும் கால் கிலோ கால் கிலோவாத் தந்தது ஊர்க்கடைகள்தான், கொப்பியில எழுதிக்கொண்டு. எந்தச் சுப்பர்மார்க்கெற்றும் கொப்பி வைச்சிருக்காது. அதால மேல எழுதின விசுவமடுப் பிள்ளைக்கு இதையும் சொல்லுறன், ரவுனுக்குப் போற முதல் கொப்பிக் கணக்கைத் தீர்த்துப்போட்டுப் போங்கோ, பஸ் காசையும் கழிச்சுப் பாத்தா மாசம் ஒருக்காப் போறதுதான் லாபம், கிழமைக்கு ஒருக்காப் போனா நட்டம்.

உங்களுக்கும் ஒண்டு சொல்லவேணும், கோவிக்காதேங்கோ. சனம் ரவுனுக்குப் போறது விலைக்காக மட்டும் இல்லை, சாமானில விலை ஒட்டிக் கிடக்கும், ஆரிட்டயும் கேக்கத் தேவையில்லை எண்டதுக்காகவும்தான். விலையை எழுதித் தொங்கவிடுங்கோ. பழைய சவர்க்காரத்தையும் அரிசி மாவையும் ஒரே றாக்கையில வைக்காதேங்கோ, மா மணக்கும். எண்ணெய்ப் போத்தலுகளை வெயில் விழுற முன்பக்கத்தில அடுக்குற பழக்கம் கன கடையில இருக்கு, உங்கட கடையிலயும் அப்பிடி எண்டா இண்டைக்கே உள்ளுக்கு எடுங்கோ, காறல் மணம் பிடிச்சதை ஒருக்கா வாங்கின ஆள் ரெண்டாம் முறை எண்ணெய்க்கு உங்களிட்ட வராது.